தவக்காலத்தில் மனம் அலைபாயாமல் இருக்க

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருந்து ஜெபிக்கும் 40 நாள் தவக்காலம் தொடங்கும்போது இருக்கும் உற்சாகம் போகப்போக வடிந்துவிடும். அதனால் முதல் நாளான திருநீற்றுப் புதனன்றே பெரிய பட்டியல் போடாதீர்கள். விடுவது ஒன்று, செய்வது ஒன்று, போதும்.

நான் விடுவது இரவு நேரக் கைபேசி. ஜெபிக்கும் அறைக்குள் அதைக் கொண்டுபோவதே இல்லை. விவிலியச் செயலி இருக்கிறதே என்பார்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்த விரல், ஓர் அறிவிப்பு மின்னியதும் எங்கே போகும் என்று தெரியாதா? அச்சிட்ட விவிலியமே நல்லது. வாசிக்கும்போது 'ஐயோ, அந்த பில்லைக் கட்டணுமே' என்று நினைவு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, அதில் 'பில்' என்று மட்டும் கிறுக்கிவிட்டு, விட்ட வசனத்துக்குத் திரும்புங்கள்.

இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையை வீட்டில் தனியாகச் செய்தால் 14 நிலைகளையும் ஓட்டமாக முடிக்கத் தேவையில்லை. சீமோன் சிலுவை சுமக்க உதவும் ஐந்தாம் நிலையிலேயே நான் பெரும்பாலும் நின்றுவிடுவேன்.

ஞாயிறுகள் அந்த 40 நாள் கணக்கில் வராது. அன்று கைபேசியைத் தொடலாமா? தொடலாம், திருப்பலி முடியட்டும். அப்புறம், ஒருநாள் நோன்பு தவறிப்போனால் மறுநாள் வழக்கம்போலத் தொடருங்கள். ஈடுகட்ட இரட்டை நோன்பெல்லாம் வேண்டாம்.