முதல் 70.3 டிரையத்லான்: சைக்கிளில் கடன் வாங்காமல் ஓட்டத்தை முடிப்பது எப்படி?

டிரையத்லான் என்றால் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் ஒரே போட்டி. 70.3 என்பது அதன் மொத்தத் தூரம், மைல் கணக்கில். கிலோமீட்டரில் 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், ஆக 113 கி.மீ. அயர்ன்மேன் என்னும் முழுநீளப் போட்டியில் சரிபாதி. இந்தியாவில் முதல்முறை இறங்குபவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது, 2019இல் கோவாவின் மிராமர் கடற்கரையில் தொடங்கிய போட்டியைத்தான். அதை மனதில் வைத்தே இந்த விளக்கம். 5 கி.மீ. நிற்காமல் ஓடவும், குளத்தில் 400 மீட்டர் நீந்தவும், 40 கி.மீ. சைக்கிள் மிதிக்கவும் முடிந்தால் 24 வாரத்தில் தயாராகலாம். நீச்சலே தெரியாதென்றால் முதலில் அதற்கு மட்டும் ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

படி 1: நேரக் கணக்கு

வழக்கமான வரம்பு இது: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தண்ணீரில் இறங்கியதிலிருந்து சைக்கிள் முடிய 5 மணி 30 நிமிடம், எல்லாம் முடிய 8 மணி 30 நிமிடம். போட்டிக்குப் போட்டி சற்று மாறும், உங்கள் போட்டியின் கையேட்டைப் பாருங்கள்.

இப்போது உங்கள் வேகத்தைப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்றால் நீச்சல் 57 நிமிடம். கடலில் நேர்கோட்டில் யாரும் போவதில்லை, 60 என்று வையுங்கள். உடை மாற்ற 10 நிமிடம். மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் சைக்கிள் 3 மணி 45 நிமிடம். மறுபடி 7 நிமிடம். கி.மீ.க்கு 8 நிமிடம் 30 வினாடி வீதம் ஓட்டம் 2 மணி 59 நிமிடம். கூட்டினால் 8 மணி 1 நிமிடம். கையில் அரை மணி நேரம் மிச்சம். பஞ்சர், வயிற்றுக் கோளாறு, வெயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த அரை மணிதான். மிச்சம் 15 நிமிடத்துக்கும் குறைவாக வந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பதிவுக் கட்டணமும் விமான டிக்கெட்டும் சும்மா வருவதில்லை.

படி 2: 24 வாரம்

வாரம் 8 முதல் 10 மணி நேரம். நீச்சல் மூன்று நாள், சைக்கிள் மூன்று நாள், ஓட்டம் மூன்று நாள், ஒரு நாள் முழு ஓய்வு. சில நாளில் இரண்டு வேளை வரும், வேறு வழியில்லை. மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கடைசி ஆறேழு வாரத்துக்குள் நீண்ட சைக்கிள் 100 கி.மீ., நீண்ட ஓட்டம் 18 கி.மீ. வரை போக வேண்டும். 21 கி.மீ. ஓடிப் பார்க்க ஆசை வரும். தேவையில்லை, காலில் காயம்தான் மிஞ்சும்.

விடவே கூடாதது 'பிரிக்'. 60 கி.மீ. சைக்கிளில் இருந்து இறங்கிய அஞ்சாவது நிமிடம் 5 கி.மீ. ஓட்டம். முதல் ஒன்றரை கி.மீ. கால் வேறு யாருடையதோ போல இருக்கும், பிறகு சரியாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். போட்டி நாளில் அந்தக் கனம் வரும்போது பயப்பட மாட்டீர்கள், அதுதான் இதன் பயன்.

படி 3: கடல்

25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்பது 76 நீளம். ஒவ்வொரு நீளத்துக்கும் சுவரை உதைத்துக் கிடைக்கும் ஓய்வு கடலில் இல்லை. அடியில் கோடும் இல்லை. அதனால் 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒருமுறை முதலை போலக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்து, அதன் பிறகு பக்கவாட்டில் மூச்சு எடுக்கப் பழகுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழும், வேகம் செத்துவிடும். மிதவை சின்னது, அலையில் மறையும். அதற்கு நேர் பின்னால் கரையில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

கோவாக் கடல் வெதுவெதுப்பானது, வெட்சூட் என்னும் ரப்பர் நீச்சல் உடையைப் போடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தரும் மிதப்பை நம்பிப் பயிற்சி எடுக்காதீர்கள். போட்டிக்கு முன் நான்கு முறையாவது கடலிலோ ஏரியிலோ, துணைக்கு ஆளோடும் இடுப்பில் கட்டும் மிதவையோடும் நீந்துங்கள். தொடக்கத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குவது பலருக்கும் நடக்கும். மல்லாந்து மிதந்து, 'ஊ' என்று நீளமாக மூச்சை விடுங்கள். உதவிக்கு நிற்கும் காயாக் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாத வரை விதிமீறல் இல்லை.

படி 4: சைக்கிளைப் பெட்டியில் போடுவது

விமானத்தில் அனுப்பும்போதுதான் பாதிச் சிக்கல் பிறக்கிறது. சீட் உயரத்தை முதலில் டேப் ஒட்டிக் குறியுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ்: கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த்திசையில் ஏறி மிதித்து, பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையையே பிய்த்தவர்கள் உண்டு. கியர் மாற்றும் பின் டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். அப்படியே விட்டால் பெட்டி ஒரு பக்கம் விழுந்தாலே அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும். வளைந்தால், பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். மாற்று ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு.

சீட்டுக்கு அடியில் இரண்டு ட்யூப், இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்பு. காற்றடிக்கக் கார்பன் டை ஆக்சைடு குப்பி வேகமானதுதான், ஆனால் விமானத்தில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ட்யூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள்ளையோ கண்ணாடித் துண்டையோ எடுக்காமல் புது ட்யூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது பஞ்சர்.

படி 5: சாப்பாடும் உப்பும்

முதல் போட்டியில் உடல் வலுவைவிட வயிறுதான் அதிகம் கவிழ்க்கிறது. சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், ஜெல் எனப்படும் சர்க்கரைக் கூழ் பாக்கெட் ஒன்றிலும் ஏறத்தாழ அதே அளவு. கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் அதிலுள்ள கொழுப்பு செரிக்க நேரமாகும், முதல் ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

வீட்டுப் பானம் போதும்: 750 மி.லி. தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் உப்பில் ஏறக்குறைய 575 மி.கி. சோடியம் இருக்கிறது. மருந்துக்கடை ஓஆர்எஸ் இதற்கு மாற்று அல்ல. ஒரு லிட்டர் பாக்கெட்டில் சோடியம் தாராளம், குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். அது வயிற்றுப்போக்குக்காகச் செய்தது, எரிபொருளுக்காக அல்ல.

ஜெல்லைச் சர்க்கரைப் பானத்தோடு விழுங்காதீர்கள். வயிற்றில் கரைசல் கெட்டியாகி, தண்ணீர் குடலில் ஏறாமல் 'கலக் கலக்' என்று நிற்கும், பிறகு வாந்தி. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். அதில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், குழப்பம் தெரிந்தால் குடிப்பதை நிறுத்தி மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். வலி மாத்திரை, குறிப்பாக ஐபுப்ரோஃபென், போட்டி நாளில் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இதையெல்லாம் நீண்ட சைக்கிள் நாட்களில் ஒத்திகை பாருங்கள். போட்டி நாளில் எதுவும் புதிதாக வாயில் போகக் கூடாது, விழாக்கூடத்தில் இலவசமாகக் கொடுப்பதும்தான்.

படி 6: போட்டி நாள்

ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் பக்கிள் பூட்டியிருக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப ஸ்டாண்டில் மாட்டும்வரை கழற்றக் கூடாது. ஏறும் கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே 12 மீட்டர், அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 வினாடிக்குள் முந்தியாக வேண்டும். தவறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரம். காதில் பாட்டு கூடாது.

சைக்கிளின் முதல் 30 கி.மீ.யில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சோடு மிதியுங்கள். அங்கே வேகம் கூட்டி மிச்சப்படுத்தும் 10 நிமிடத்தை ஓட்டத்தில் அரை மணியாக வட்டியோடு கட்ட நேரும். முதல் 15 நிமிடம் தண்ணீர் மட்டும், பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துச் சாப்பிடுங்கள். பசித்தபின் சாப்பிடுவது தாமதம்.

ஓட்டத்தில் 9 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடப்பதை முதல் கி.மீ.யிலிருந்தே தொடங்குங்கள். களைத்தபின் நடக்கத் தொடங்கினால் மறுபடி ஓட மனம் வராது. ஐஸைத் தொப்பிக்குள் வையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து ஊற்றுங்கள், ஷூ நனைந்தால் கொப்புளம் நிச்சயம்.

படி 7: 48 மணி நேரத்துக்குள் எழுத வேண்டியது

முடித்த மெடல் படத்தைப் போட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள். மணிக்கு மணி என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எங்கே மனம் தளர்ந்தது. நாள் கழிந்தால் மறந்துவிடும். பிறகு கடிகாரத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்.

சைக்கிளின் முதல் 45 கி.மீ.யும் பின் 45 கி.மீ.யும்: காற்றும் ஏற்றமும் ஒன்றாக இருந்தும் பின்பாதி 10 நிமிடத்துக்கு மேல் கூடியிருந்தால் தொடக்க வேகம் தப்பு. ஓட்டத்தின் முதல் 7 கி.மீ.யும் கடைசி 7 கி.மீ.யும்: கடைசிப் பகுதி சரிந்திருந்து, சாப்பாட்டுக் கணக்கும் குறைந்திருந்தால் எரிபொருள் தீர்ந்தது. சாப்பாடு சரியாக இருந்து இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போய் வேகம் இறங்கியிருந்தால் வெயில், அதற்கு மருந்து பகல் 11 மணிப் பயிற்சி. மூன்றாவது, உடை மாற்றிய நேரம். ஒரு முறைக்கே 15 நிமிடம் போயிருந்தால், எந்த உடற்பயிற்சியும் இல்லாமல் அடுத்த முறை 7 நிமிடம் மிச்சம்.

இரண்டு வாரம் கடினப் பயிற்சி வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.