கிளட்ச் மாற்றும்போது பிளைவீலையும் பாருங்கள்

மலையகத்துக் கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாசமும் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார், கேபிள் கிளட்ச் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். இரண்டு நாள் ஒதுக்குங்கள், கை கொடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

எங்கள் பக்கம் முதல் சிக்கல் சமதரைதான். தோட்டத்து லய வீடுகளின் வாசலெல்லாம் சரிவு; நான் கோயில் முற்றத்தைக் கேட்டு வாங்கித்தான் செய்தேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கியர் ஒயிலை வடியுங்கள். அப்புறம் கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், டிரைவ் ஷாஃப்ட் இரண்டும். எஞ்சினுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுத்த பிறகே கியர் பொக்ஸைத் தாங்கும் மவுண்டைக் கழற்றி, கியர் பொக்ஸை நேராக விலக்கி இறக்குங்கள். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி பிளைவீல், அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுழலும், எஞ்சினோடு சேர்ந்த கனத்த சக்கரம். வெளிச்சத்தில் பாருங்கள்: நீலத் திட்டு, மயிரிழை வெடிப்பு, நகம் சிக்கும் பள்ளம். எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஏற்றத்தில் அரைக் கிளட்ச்சிலேயே நிற்கிறோமே, அந்தச் சூடுதான் இது. முதல் தடவை நான் பார்த்தும் பாராமல் பிளேட்டை மட்டும் மாற்றினேன். ஒரே வாரத்தில் முதல் கியரில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, பிளைவீலையும் மாற்றினேன்.

புதிய பிளைவீலில் துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடையுங்கள். புதிய போல்ட்டுகளைப் போட்டு, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பிளைவீலைப் பூட்டுவதற்கு முன் அதன் பின்னாலுள்ள எஞ்சின் ஒயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் இப்போதே மாற்றுவது நல்லது.

பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று எழுதியிருக்கும். நடுவை ஒத்துப் பிடிக்கும் கருவி இல்லாமல் இறுக்காதீர்கள், கியர் பொக்ஸ் ஏறாது. பிளேட் ஏறி உட்காரும் கியர் பொக்ஸ் தண்டின் பல்வரிகளில் (ஸ்ப்ளைன்) கிரீஸ் துளிதான். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பியரிங்கும் புதிதாகவே இருக்கட்டும். கியர் பொக்ஸ் முழுசாக உட்காரவில்லை என்றால் போல்ட்டால் இழுக்காமல், எஞ்சினைக் கையால் சற்றுத் திருப்பிப் பாருங்கள்.

ஒயில் ஊற்றி கேபிளைச் சரிசெய்யுங்கள்: பெடல் சற்றுத் தளர்வாக இறங்கி, அப்புறம்தான் கனக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாதீர்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால், கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.