டிவிடி ரைட்டர் திடீரென மந்தமானது: என் அனுபவம்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் என் வீட்டுக் கணினியில் இரண்டு டிரைவ் போட்டேன். படிக்க ஒரு டிவிடி ரோம், எழுத ஒரு 16எக்ஸ் டிவிடி ரைட்டர். ரைட்டரைத் தேவையில்லாமல் உழைக்க வைக்கக் கூடாது என்பது என் கணக்கு. இரண்டும் ஒரே ஐடிஇ கேபிளில் (டிரைவ்களை மதர்போர்டுடன் இணைக்கும் பட்டைக் கேபிள்). ரைட்டர் மாஸ்டர் (முதல் டிரைவ்), மற்றது ஸ்லேவ் (இரண்டாவது).

ஏழு நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த டிஸ்க் ஒருநாள் அரை மணி நேரம் இழுத்தது. மவுஸ் அம்புகூடத் திக்கித் திக்கித்தான் நகர்ந்தது. வேறு டிஸ்க், வேறு மென்பொருள், ஜம்பர் (எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று தீர்மானிக்கும் சிறு செருகி) மாற்றம் என்று நான்கு நாள் போனது. புது ரைட்டர் வாங்கவே கிளம்பிவிட்டேன்.

டிவைஸ் மேனேஜரில், அந்தக் கேபிள் சேரும் செகண்டரி ஐடிஇ சேனலை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தேன். 'கிடைத்தால் டிஎம்ஏ' (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டிரைவுக்கும் மெமரிக்கும் இடையே தகவல் நேரடியாகப் போகும் வேகமான முறை) என்றே இருந்ததால் கடந்து போனேன். அதற்கு நேர் கீழே, மாற்ற முடியாத சாம்பல் நிறக் கட்டத்தில், இப்போதைய முறை 'பிஐஓ' (எல்லாத் தகவலையும் பிராசஸரே நகர்த்தும் மெதுவான முறை) என்றிருந்ததைக் கவனிக்கவில்லை. பிஐஓவின் உச்சமே நொடிக்கு சுமார் 16.7 எம்பி, 16எக்ஸ் எழுத சுமார் 22 எம்பி வேண்டும்.

காரணம், அவசரத்தில் ரைட்டரில் போட்ட ஒரு கீறல் சிடி. பிழைகள் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். தானாகத் திரும்ப ஏற்றாது.

அந்தச் சேனலை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டது. கையோடு 40 கம்பி கேபிளை எடுத்துவிட்டு வேகமான டிஎம்ஏவுக்கு வேண்டிய 80 கம்பி கேபிள் போட்டேன். இப்போது டிஎம்ஏவின் வேகமான வகையான அல்ட்ரா டிஎம்ஏ மோட் 4. பழையபடி ஏழு நிமிடம். கீறல் விழுந்த டிஸ்க் எல்லாம் இனி டிவிடி ரோமில்தான்.