பல யூனிட்டுகள் மோதும்போது: பகடையைக் கொட்டும் முன்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மினியேச்சர் போர் ஆட்டம் நடக்கும். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்கள் பாதி, பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பாதி. கூட்டல் கணக்கு தமிழில், தகராறு மலையாளத்தில். புதிதாக வருகிற பையன்கள் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ரூல்புக் படிக்காமல் வருவது, அளக்காமல் நகர்த்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் ஆட ஆடத் தானாகச் சரியாகிவிடும்.

நாங்கள் ஆடுவது டி.பி.ஏ. என்ற பழங்காலப் போர் ஆட்டம், 1990இல் வந்த ஆட்டத்தின் 2.2 பதிப்பு. ஆளுக்கு 12 பேஸ், அதாவது குட்டி வீரர்கள் ஒட்டிய 12 சிறு தட்டுகள். மோதும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆளுக்கொரு பகடை, அதோடு அந்தப் படைவகையின் எண்ணைக் கூட்ட வேண்டும். குறைந்த தொகை வந்தவர் பொதுவாகப் பின்வாங்குவார், எதிரியின் தொகையில் பாதியோ அதற்கும் கீழோ வந்தால் பெரும்பாலும் பேஸே போய்விடும். நாலு பேஸ் போய், எதிரி இழந்ததைவிட அது அதிகமாகவும் இருந்தால் ஆட்டம் முடிந்தது.

எல்லா ஜோடிக்கும் ஒரே நேரத்தில் உருட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். நேரம் மிச்சமாம். கலர் கலராகப் பகடை வாங்கி, சிவப்பு முதல் ஜோடிக்கு, பச்சை இரண்டாவதுக்கு என்று கைநிறைய அள்ளிக் கொட்டுவார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு ஜோடியின் முடிவு அடுத்த ஜோடியின் கணக்கையே மாற்றிவிடும். பக்கத்தில் நின்ற கூட்டாளி பின்வாங்கிவிட்டால், அவரைத் தள்ளிய எதிரி உங்கள் பக்கவாட்டில் ஓவர்லேப்பாக, அதாவது முனையோடு முனை தொட்டபடி, நிற்கிறார், உங்களுக்கு -1. ஆகவே ஒவ்வொரு ஜோடியாகத்தான் தீர்க்க வேண்டும். எந்த வரிசையில் என்று முடிவு செய்வது அந்தச் சுற்று யாருடையதோ அவர்.

போன மாதம் பொள்ளாச்சிப் பையன் ஒருவனின் வாள்வீரர்கள் மூன்று பேஸ், எதிரே பாலக்காட்டுக்காரனின் ஆக்ஸிலியா (இலகுவான காலாட்படை) மூன்று பேஸ். வாள்வீரருக்கு 5, ஆக்ஸிலியாவுக்கு 3. பொள்ளாச்சிக்காரன் மொத்தமாகக் கொட்டினான். பகடையையும் கூட்டினால் முதல் ஜோடி 9க்கு 5, ஆக்ஸிலியா பின்வாங்கல். இரண்டாவது 8க்கு 5, அதுவும் பின்வாங்கல். மூன்றாவது 6க்கு 7, இவன் பின்வாங்கல்.

"அண்ணா, முதல் ஜோடி ஜெயிச்சாச்சு, அந்த ஓவர்லேப்பைக் கழிச்சா ரெண்டாவது 8க்கு 4. பாதி. அவன் செத்தான்" என்றான் இவன். "அதெப்படி சேட்டா, மூணாவதை முதல்ல எடுத்தா ஓவர்லேப் எனக்குத்தான், 7க்கு 5, சாக மாட்டேன்" என்றான் அவன். ஒன்று, மூன்று, இரண்டு என்று எடுத்தால் 7க்கு 4. நாலு என்பது ஏழில் பாதிக்கு மேல், அப்போதும் சாவு இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் இரண்டாவது எதிரி செத்து, மூன்றாவது எதிரிக்கும் -1 விழுந்து 6க்கு 6 சமம், பொள்ளாச்சிக்காரன் பின்வாங்கவே தேவையில்லை. பகடை அதே பகடை, முடிவு மட்டும் வேறு வேறு. உருட்டும் முன்பே வரிசையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் வாய் பேச இடமில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒரு -1தானே என்று நினைக்க வேண்டாம். 5க்கு 3 என்று மோதும்போது எதிரி சாக 36இல் 6 வாய்ப்பு. எதிரிக்கு ஒரு ஓவர்லேப் விழுந்து 5க்கு 2 ஆனால் 36இல் 12. அப்படியே இரட்டிப்பு.

அப்படியானால் எந்த ஜோடியில் ஆரம்பிப்பது? கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இடது ஓரத்தில் தொடங்காதீர்கள். எங்கே ஜெயிக்க அதிக வாய்ப்பு இருக்கிறதோ, எங்கே ஜெயித்தால் பக்கத்து ஜோடிக்கு உதவுமோ, அங்கே ஆரம்பியுங்கள். தோற்கப்போகிற ஜோடியைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் பக்கத்து வெற்றி ஒன்று கைகொடுத்தாலும் கொடுக்கும். எதிரியின் சுற்றில் இந்த உரிமை அவருக்குப் போய்விடும் என்பதையும் மனதில் வைத்துத்தான் உங்கள் சுற்றிலேயே வரிசையை அமைக்க வேண்டும்.

விலாவில் நிற்பவருக்கும் பகடை உருட்டுவது

முன்னால் ஒருவர், விலாவில் ஒருவர் என்று இரண்டு பேர் ஒரு பேஸை மடக்கினால், புதியவர்கள் இரண்டு சண்டையாக நடத்துவார்கள். தப்பு. முன்னால் நிற்பவர் மட்டுமே உருட்ட வேண்டும். விலாவில் முகம் பதித்து நிற்பவரின் பங்கு இரண்டு: எதிராளிக்கு -1, அப்புறம் அவர் பின்வாங்க நேர்ந்தால் பின்வாங்கல் கிடையாது, நேரே சாவு. இரண்டாவதுதான் பெரிய லாபம். அதனால் மடக்கி வைத்த ஜோடியில் பாதிக்கணக்கெல்லாம் தேவையில்லை, ஒரு புள்ளியில் ஜெயித்தாலே போதும்.

ஓவர்லேப்பை இரட்டிப்பாகக் கழிப்பது

ஒரு பக்கத்துக்கு ஒரு -1தான்.

வேறு ஆட்டத்தின் பழக்கத்தைக் கொண்டுவருவது

வார்ஹேமர் 40,000 ஆடிப் பழகியவர்கள் "இப்ப என் யூனிட், அடுத்து உன் யூனிட்" என்று மாறி மாறித் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே அது சரி. இங்கே ஒருவர்தான் தேர்ந்தெடுப்பார்.

ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேப்பர் படைகளை விட்டுவைக்காது. 40 மி.மீ. அகல பேஸ் கொஞ்சம் நகர்ந்தாலே முனை முனையைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வந்துவிடும், அதில்தானே ஓவர்லேப்பே இருக்கிறது. பேஸுக்கு அடியில் இரும்பு வாஷர் ஒட்டுங்கள்.

ஜெயித்தவரை நகர்த்த மறப்பது

நைட் என்ற கவசக் குதிரைவீரரும் யானையும் எதிரி விலகினால் துரத்தியே ஆக வேண்டும். அடுத்த பகடையைக் கையில் எடுக்கும் முன் நகர்த்துங்கள்.