கவலை கூடின நாளில் உளுந்தஞ்சோறு

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களானாலும், பாளையங்கோட்டைக்கு ஆபீஸ் போகிறவர்களானாலும், கவலை கூடினால் முதலில் விடுபடுவது காலைச் சாப்பாடுதான். மன அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் நிலைகுலையும். கருமுட்டை வெளியேற மூளை தரும் தூண்டுதல் குறைந்து மாதவிடாய் தள்ளிப்போகும். வயிற்றைக் காயப்போட்டால் இன்னும் மோசம்.

அதனால் அந்த நாளில் சுலபமாக ஒரு உளுந்தஞ்சோறு வையுங்கள். ஒரு கப் அரிசிக்கு அரை கப் தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து), 10 பூண்டுப்பல், அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் தேங்காய்த் துருவல், உப்பு, 4 கப் தண்ணீர். குக்கரில் 4 விசில். உளுந்தை வாசம் வர வறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் சோறு வழவழத்துவிடும். எள்ளுத் துவையல் கட்டாயம் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும். அதுவரை ஒரு நெல்லிக்காயைக் கடியுங்கள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையென்றால் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.