ராத்திரி கூத்து, காலையில் ஓட்டம்: இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் நம் பக்கம் செய்யும் தவறுகள்

மாசி பிறந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இசையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வேலை கூடிவிடும். மயானக் கொள்ளைக்குப் பம்பை, மாரியம்மன் பண்டிகைக்குத் தப்பட்டை, திரௌபதியம்மன் கோயில்களில் 18 நாள் பாரதக் கூத்து என்று ஆடி வரைக்கும் ஓயாது. இவர்களில் பலருக்கு இப்போது ஓட்டப் பழக்கமும் தொற்றியிருக்கிறது. விடிய விடிய கூத்து, விடிந்ததும் பத்து கிலோமீட்டர் என்று படம் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களோடு ஊர் ஊராகச் சுற்றியதில் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. இவர்கள் கட்டுரை கெட்டுப்போவது ராகம் தெரியாததால் அல்ல. தூங்காததால், நேரங்கெட்ட நேரத்தில் தின்றதால், காதைக் கவனிக்காததால்.

கூத்து பத்து மணிக்கு மேல்தான் களரி கட்டும், அதாவது தொடங்கும். கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்க்கதை பேசி, முக்கிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கவே நள்ளிரவு ஆகிவிடும். பகலெல்லாம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு அப்படியே போய் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குக் கண் சொருகும். 'போதுமான அளவு பார்த்தாச்சு' என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் நல்ல பாட்டு அதற்கப்புறம்தான். தொண்டை சூடேறி, கூட்டத்தில் பாதி பாயில் சாய்ந்த பிறகு, குழுவை நடத்தும் வாத்தியார் அவசரமே இல்லாமல் ஒரு விருத்தத்தை இழுத்து இழுத்து நிறுத்துவார்; ஆர்மோனியக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் வருவார். அதைக் கேட்காமல் எழுதும் கட்டுரையில் வேஷப்பொருத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. சாயங்காலம் மூன்று மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். நள்ளிரவுக்கு மேல் டீ வாளி சுற்றி வரும்போது கையை நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள். டீயோடு உள்ளே போன கஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்குக் குடித்த டீ, காலை ஏழு மணிக்குப் படுக்கும்போதும் உங்களைத் தூங்க விடாது.

கூத்து முடிந்ததும் வண்டியை எடுப்பது இதைவிடப் பெரிய தவறு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய கவனத்தின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வண்டி ஓட்ட நம் சட்டம் விடுவது 0.03 வரைதான். ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஆள் இந்த நிலையில் தொப்பூர் கணவாயில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் சூடாகி லாரிகளே தடுமாறும் இறக்கம் அது. கோயில் மண்டபத்திலேயே துண்டை விரித்துப் படுங்கள். அரிதாரத்தைக் கலைத்துவிட்டுக் கலைஞர்களும் அங்கேதான் படுப்பார்கள். எழுந்ததும் அவர்கள் பேசும் பேச்சு பேட்டியைவிட நன்றாக இருக்கும். அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். தூக்கம் கெட்ட காலில் கணுக்கால் சுளுக்குவது சுலபம். சாயங்காலம் அரைமணி நேரம் நடந்தால் போதும்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அலட்சியம் அதிகம். வேலையிடங்களுக்கு வகுத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மைக்செட் பாக்ஸுக்கு முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவரின் கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும். பம்பைக்காரர் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளையிலும் குச்சி விழும்போது அந்த அடி காதில் மட்டுமா விழுகிறது, விலா எலும்பே அதிரும். அருமையான அனுபவம்தான். அங்கேயே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பதில்லை.

காலையில் காது அடைத்த மாதிரி இருந்து, உள்ளே ஙொய்யென்று ஓர் இரைச்சல் கேட்டால், காது களைத்திருக்கிறது என்று பொருள். முதலில் போவது மேல் அலைவரிசைச் சத்தம். அதாவது ஜால்ராவின் கூர்மை, முகவீணைக் குழலின் நுனிச் சத்தம், பாடுகிறவரின் 'ச', 'ஷ'. பெரும்பாலும் ஓரிரு நாளில் திரும்பிவிடும். திரும்பத் திரும்ப அடி வாங்கினால் உள்காதின் மயிர் செல்கள் செத்துப்போகும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. இந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு 'தாளம் மங்கலாக இருந்தது' என்று விமர்சனம் எழுதுகிறார்கள். தாளக்காரர் பாவம், என்ன செய்வார்?

பஞ்சு வைத்துக்கொள்வது பெரிதாக உதவாது. மருந்துக் கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும், விலையும் குறைவு. அதை மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும் வரை விரலால் அழுத்தி வைக்க வேண்டும். சும்மா நுனியைச் சொருகிவிட்டு 'ஒன்றுமே குறையவில்லை' என்பவர்கள்தான் அதிகம். உட்காரும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். பாக்ஸை விட்டு விலகி, பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் சத்தமும் குறையும், வாத்தியங்களும் தனித்தனியாகக் கேட்கும்.

களைத்த காதோடு மறுநாள் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடுவது அடுத்த தவறு. சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கே அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கேழ்வரகு கதிர் பிடிக்கும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். இருட்டில் தனியாக நிற்கும் கொம்பன் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் முறியும் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் எச்சரிக்கை. அதையும் அடைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு அந்த ரோட்டில் ஓடுவது வீரம் இல்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, நன்றாக விடிந்த பிறகு போங்கள். நெடுஞ்சாலை ஓரம் என்றால் எதிரே வரும் வண்டியைப் பார்க்கிற மாதிரி வலது பக்கம் ஓடுங்கள். பாட்டு கேட்டே ஆக வேண்டும் என்றால் மாவட்ட விளையாட்டு அரங்கம் இருக்கிறது. வத்தல்மலைக்கு வண்டியில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் ஓடியே இறங்குவதை லேசான பயிற்சி என்று நினைக்கிறார்கள். தொடைத் தசைக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை.

தண்ணீர் விஷயத்தில் வெளியூர்க்காரர்களைவிட இங்கேயே இருக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வயதானவர்கள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீரில் உள்ள புளோரைடின் வேலை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். 'காய்ச்சிக் குடிக்கிறேன்' என்பது தவறான தைரியம். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும். புளோரைடு அப்படியே தங்கி, அடர்த்தி கூடும். ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. தினமும் ஓடி, தினமும் மூன்று நான்கு லிட்டர் குடிக்கிறவர்கள் மட்டும் "ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டு நிரப்புங்கள்.

சாப்பாட்டில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. ஒன்று, களியை ருசி பார்க்கும் பண்டமாக நினைப்பது. பென்னாகரம் சாலையில் ஒரு சின்னக் கடையில் அந்த அம்மா கையைத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்கும் களியைத் தட்டில் உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி போட்டு, கீரைக் கடைசலை ஊற்றுவார். "மெல்லாதீங்கண்ணா, முழுங்குங்க" என்பார். ருசியில் இரண்டு உருண்டை உள்ளே போய்விடும். மூன்று மணி நேரத்துக்காவது அது அசையாது. அதற்குள் ஓடினால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, ஓடி முடித்ததும் கலர் தண்ணீர் பாட்டில் வாங்குவது. தள்ளுவண்டியில் மோர் ஊற்றிக் கரைத்த ராகிக் கூழ் இருக்கும்போது அது எதற்கு? உப்பு, தண்ணீர், மாவுச்சத்து மூன்றும் இருக்கிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேறு. கூழ் குடித்த கையோடு டீ மட்டும் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராது.

ஒகேனக்கலில் மீன் பொரித்துச் சாப்பிடுவதைத் தடுக்க நான் யார்? ஆனால் மத்தியானம் மிளகாய்ப் பொடி ஏற்றிய மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டு ராத்திரி கூத்துக்கு உட்கார்ந்தால், திரௌபதி சபதத்தின்போது நீங்கள் கரும்புத் தோட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குடி விஷயம் இன்னும் மோசம். ஊரில் 'கவனிப்பு' நடக்கும். போட்டால் தூக்கம் வருமே தவிர அது அரைகுறைத் தூக்கம். காதும் கொஞ்ச நேரம் மந்தமாகும். விலை குறைவு என்று ஓசூர் எல்லை தாண்டி கர்நாடக மது பாக்கெட்டைப் பையில் போட்டு வருவது குற்றம். பிடிபட்டால் கட்டுரை வேறு பக்கத்தில் வரும்.

பயணத்தில் ஒரே ஒரு குறிப்பு: கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகர் ஆயிற்றே என்று ரயில் தேடி நேரத்தை வீணாக்காமல், தர்மபுரியிலோ ஓசூரிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கி பஸ் பிடியுங்கள்.

விழாக் கமிட்டிக்காரர் வீட்டில் சாப்பிட்டு, அவர் காரிலேயே திரும்பி, பிறகு குழுவைப் பற்றி நடுநிலையாக எழுத முடியும் என்று நம்புகிறவர்களும் உண்டு. சாப்பாட்டை மறுத்தால் மனம் நோகும், சாப்பிடுங்கள். கிளம்பும் முன் கோயில் உண்டியலில் அந்த அளவுக்குப் பணம் போட்டுவிடுங்கள். குழுவுக்கு என்ன கூலி பேசினார்கள் என்பதை மட்டும் கமிட்டியிடம் கேட்காமல் வாத்தியாரிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக வீடு. ஓட்டமும் எனக்கு, கூத்தும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை எழுதுவதும் எனக்கு என்று போனால் வீட்டில் யார் பொறுப்பார்கள்? வைகாசி முகூர்த்தமும் பாரதக் கூத்தும் ஒரே வாரத்தில் விழும். மச்சான் கல்யாணத்தை விட்டுவிட்டு துரியோதனன் மாளும் படுகளத்துக்குப் போனவருக்கு அடுத்த படுகளம் வீட்டில்தான். 18 நாளும் போக வேண்டியதில்லை. எந்த நாளில் அர்ச்சுனன் தபசு, எந்த நாளில் படுகளம் என்று கமிட்டி முன்கூட்டியே நோட்டீஸ் அடித்துவிடும். அதை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் ஒட்டி, வீட்டில் கேட்டு இரண்டு ராத்திரிக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.