இன்றைய யூத வெறுப்பு பற்றிய ஆய்வுகள்: எண்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023-இல் அமெரிக்காவில் யூதர்களுக்கு எதிரான சம்பவங்கள் எத்தனை? யூத வெறுப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான ஏடிஎல்-இன் ஆண்டறிக்கை 8,873 என்கிறது. முந்தைய ஆண்டைவிட 140 சதவீதம் அதிகம். ஆனால் அதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அக்டோபர் 7-இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு அந்த அமைப்பு தன் கணக்கிடும் முறையை மாற்றியது. இஸ்ரேல் எதிர்ப்புப் பேரணிகளில் குறிப்பிட்ட வகை முழக்கங்களும் பதாகைகளும் இருந்தால் அவற்றையும் சம்பவங்களாகச் சேர்த்தது. அந்தப் புதிய சேர்க்கையைக் கழித்தால் 7,523. உயர்வு 103 சதவீதம். இஸ்ரேல் தொடர்பானவற்றை இரண்டு ஆண்டுகளிலிருந்தும் எடுத்துவிட்டால் 5,711. உயர்வு 65 சதவீதம்.

மாணவர்களும் பத்திரிகையாளர்களும் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "போராட்டங்களை எல்லாம் சேர்த்து ஊதிப் பெருக்கிய கணக்கு" என்று முழு அறிக்கையையும் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு. சர்ச்சைக்குரிய பகுதியை முழுவதுமாகக் கழித்த பிறகும் 65 சதவீத உயர்வு நிற்கிறது. தாக்கப்பட்டவர்களும் மிரட்டப்பட்டவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். எந்த எண்ணை எடுத்தாலும், எது சம்பவமாகக் கணக்கில் வந்தது, முந்தைய ஆண்டும் அதே முறையில்தான் எண்ணப்பட்டதா என்ற இரண்டையும் முறையியல் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒப்பிடும்போது இன்னொரு சறுக்கலும் நேர்கிறது. பிரிட்டனில் யூதர்களுக்கு எதிரான சம்பவங்களைப் பதிவு செய்யும் சிஎஸ்டி அமைப்பு 2023-க்கு முதலில் வெளியிட்ட எண்ணிக்கை 4,103. தாமதமாக வந்த புகார்களைச் சேர்த்ததும் அது 4,296 ஆனது. 2024-இன் எண் 3,528. பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண்ணையும் புதிய அறிக்கையிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்தால் சரிவு 14 சதவீதம் என்று வரும். திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் 18 சதவீதம். இரண்டு ஆண்டுகளின் எண்களையும் கடைசியாக வந்த ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள்.

காவல்துறைப் பதிவுகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது இதைவிட ஆபத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2018-இல் 12 நாடுகளில் 16,395 யூதர்களிடம் கேட்டபோது, தொந்தரவுக்கு உள்ளானவர்களில் 79 சதவீதம் பேர் மிக மோசமான சம்பவத்தைக்கூட எங்கும் புகார் செய்யவில்லை என்று தெரிந்தது. அப்படியிருக்க, பதிவு குறைவாக உள்ள நாட்டில் வெறுப்பும் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. புகார் தரவே ஆள் முன்வராத நாடாக அது இருக்கலாம். பதிவுமுறையை ஒழுங்காக நடத்தும் நாடு பட்டியலில் மேலே வந்து கெட்ட பெயர் வாங்குவதும் இதனால்தான்.

அந்த 16,395 பேரும் சமூக அமைப்புகள் வழியாகவும் இணையம் வழியாகவும் தாமாக முன்வந்து பதில் தந்தவர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நன்றாகக் கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். ஆனாலும் வேறு வழி எளிதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூதர்கள் மக்கள்தொகையில் சுமார் 0.5 சதவீதம். 2,000 பேரிடம் பொதுக் கருத்துக்கணிப்பு நடத்தினால் பத்துப் பேர் கிடைப்பார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனவே தாமாக வந்தவர்களைக் கொண்ட திறந்த மாதிரி என்று ஒதுக்க வேண்டாம். "பதிலளித்தவர்களில்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொதுமக்களின் மனப்போக்கை அளக்கும் கணிப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதை. ஏடிஎல் 2014-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் 53,100 பேரிடம் யூதர்களைப் பற்றிய 11 கூற்றுகளைக் கொடுத்தது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு "அநேகமாக உண்மை" என்றவர்கள் யூத வெறுப்பாளர்கள். விடை 26 சதவீதம். ஐந்துக்கு ஆம் சொன்னவர் வெளியே, ஆறுக்குச் சொன்னவர் உள்ளே. கோட்டை ஒரு படி நகர்த்தினால் சதவீதமும் நகரும். தவிர, பதினொன்றுமே எதிர்மறைக் கூற்றுகள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கம் கணிப்புகளில் எங்கும் உண்டு. யூதர் ஒருவரைக்கூடச் சந்தித்திராதவர்களிடம் இப்படிக் கேட்டால், அந்தப் பழக்கம் எவ்வளவு, உண்மையான நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

லண்டனில் உள்ள யூதக் கொள்கை ஆய்வு நிறுவனம் பிரிட்டனில் 5,466 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேர்மறைக் கூற்றுகளும் எதிர்மறைக் கூற்றுகளும் அதில் கலந்திருந்தன. விடையும் ஒற்றை எண்ணாகத் தரப்படவில்லை. பல கூற்றுகளை உறுதியாக நம்பும் தீவிர வெறுப்பாளர்கள் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். மிதமானவர்களையும் சேர்த்தால் சுமார் 5 சதவீதம். ஏதேனும் ஒரு கூற்றையாவது ஏற்பவர்கள் 30 சதவீதம். பிரிட்டன் வெறுப்பில் மூழ்கியிருக்கிறது என்பவர் 30-ஐயும், பிரச்சினையே இல்லை என்பவர் 2-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். தெருவில் எதிர்ப்படக்கூடிய கருத்து எவ்வளவு பரவலானது என்ற கேள்விக்கு 30 விடை. கொள்கையாகவே வெறுப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2 விடை. இந்தத் துறையில் எங்களுக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றும் ஆய்வு இதுதான்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பிற சமூகங்கள் மீதான வெறுப்பை அளக்கும் கேள்விகளை அப்படியே யூதர்களுக்கும் போடுவது. "பக்கத்து வீட்டில் யூதர் குடிவந்தால் ஆட்சேபமா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். வங்கிகளையும் ஊடகங்களையும் யூதர்கள் ரகசியமாக ஆட்டிவைக்கிறார்கள் என்று அதே ஆள் நம்புவார். யூதர்களைத் தாழ்ந்தவர்களாக மட்டுமல்லாமல், அளவற்ற சக்தி படைத்த சதிகாரர்களாகவும் காண்பது இந்த வெறுப்பின் தனித்தன்மை. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லி 1903-இல் ரஷ்யாவில் வெளியான "சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்" ஒரு போலி ஆவணம். 1864-இன் பிரெஞ்சு அங்கத நூல் ஒன்றிலிருந்து திருடியது என்று 1921-இலேயே லண்டன் டைம்ஸ் நாளிதழ் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டது. அதன் கதை இன்னும் ஓடுகிறது. தமிழ் யூடியூபில் இலுமினாட்டி, யூத வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்ட் என்று பேசப்படுவதில் கணிசமானது இந்தக் கதையின் மறுபதிப்பே. அங்கே ஆய்வு செய்ய விரும்புபவர் "யூதர்" என்ற சொல்லை மட்டும் தேடினால் பலவற்றைத் தவறவிடுவார்.

வரையறை விஷயத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். யூதப் படுகொலை நினைவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஎச்ஆர்ஏ 2016 மே மாதம் புக்கரெஸ்டில் ஏற்ற யூத வெறுப்புக்கான செயல்பாட்டு வரையறையில் 11 எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றுக்கு முன்னால், ஒட்டுமொத்தச் சூழலைக் கருத்தில் கொண்டு இவை யூத வெறுப்பாக "இருக்கலாம்" என்றும், வேறு எந்த நாட்டின் மீதும் வைக்கப்படுவது போன்ற இஸ்ரேல் விமர்சனம் யூத வெறுப்பு ஆகாது என்றும் வாசகங்கள் உள்ளன. எடுத்துக்காட்டை மட்டும் வெட்டி ஒட்டுபவர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்கள். அதன் முதன்மை வரைவாளர் கென்னத் ஸ்டெர்ன், தரவு சேகரிப்போருக்காக எழுதியதைப் பல்கலைக்கழகப் பேச்சைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துவதை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்கு மாற்றாக அறிஞர்கள் முன்வைத்த 2021-இன் ஜெருசலேம் பிரகடனம் இஸ்ரேல் குறித்த கோட்டை வேறிடத்தில் போடுகிறது. ஆனால் இஸ்ரேல் அரசின் செயலுக்கு எங்கோ வாழும் யூதர்களைப் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. உங்கள் கட்டுரை எந்த வரையறையைப் பின்பற்றுகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இதே இடத்தில் அதிகம் திரிக்கப்படுவது கப்லான், ஸ்மால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. பத்து ஐரோப்பிய நாடுகளில் தலா 500 பேரின் விடைகளை ஆராய்ந்து, இஸ்ரேல் எதிர்ப்பு தீவிரமாக ஆக யூத வெறுப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது என்று கண்டார்கள். மிகத் தீவிர எதிர்ப்பாளர்களில் 56 சதவீதம் பேரிடம் அது இருந்தது. மீதி 44 சதவீதம் பேரிடம் இல்லை. தொடர்பே கிடையாது என்பவருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்பவருக்கும் இந்த ஆய்வு துணை நிற்காது.

தாக்குவது யார் என்ற கேள்விக்கும் ஒரே தரவை நம்ப வேண்டாம். ஜெர்மன் காவல்துறைப் புள்ளிவிவரத்தில், செய்தவர் யாரென்று தெரியாத பல குற்றங்கள் நீண்ட காலம் வலதுசாரிக் கணக்கில் எழுதப்பட்டன. 2018 ஐரோப்பிய ஆய்வில் பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடை வேறு: தீவிர இஸ்லாமியவாதிகள் 30 சதவீதம், இடதுசாரிகள் 21, வலதுசாரிகள் 13. முதலாவது தரவில் சுவர்க் கிறுக்கல்களும் பிரச்சாரக் குற்றங்களும் அதிகம். இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் ஊகித்துச் சொன்னது.

இணையப் பதிவுகளை வகைப்படுத்தும்போது ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியே படித்துக் குறியிட வேண்டும். இருவரின் குறியீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உடன்பாட்டுக் குறியீட்டையும் வெளியிட வேண்டும். எந்தப் பதிவுக்கு மறுமொழியாக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள். மூலப் பதிவு நீக்கப்பட்டுவிட்டால் "ஆமாம், அவர்கள்தான்" என்ற வரிக்குப் பொருளே இருக்காது. 2023-இல் ட்விட்டர் (இப்போது எக்ஸ்) ஆய்வாளர்களுக்கான இலவச அணுகலை மூடிய பிறகு, விட்டதைத் திரும்பப் போய் எடுக்கும் வசதியும் போய்விட்டது.